மூளைச்சலவை அல்ல, மருட்டல்

ஒருவர் தன் கண்ணையும் நினைவையும் தானே நம்பாதபடி இன்னொருவர் திரும்பத் திரும்பச் செய்வதை ஆங்கிலத்தில் காஸ்லைட்டிங் என்கிறார்கள். குடும்ப வன்முறை பற்றிக் கொழும்பில் அச்சாகும் துண்டுப்பிரசுரங்களிலும் செயலமர்வுக் குறிப்புகளிலும் அதற்கு ‘மூளைச்சலவை’ என்றே தமிழ் போடுகிறார்கள். ஒருவர் போட்டதை அடுத்தவர் எடுத்துப் போட, இப்போது காதலர் தினத்துக்கு வரும் ‘நச்சு உறவை அறிவது எப்படி’ பதிவுகள் வரைக்கும் அது பரவிவிட்டது. சொல் பிழை. அதுவும் பொருளைத் தலைகீழாக்கும் பிழை.

காஸ்லைட்டிங் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1938இல் மேடையேறிய பட்ரிக் ஹமில்டனின் ‘காஸ் லைட்’ நாடகத்தில், சாமான்களை ஒளித்துவைத்துவிட்டு நீதான் தொலைத்தாய் என்று மனைவியிடம் சாதிப்பான் கணவன். அவன் இரகசியமாக மேல்மாடிக்குப் போய் அங்கே விளக்கேற்றும் இரவுகளில் கீழே அவளுடைய அறையில் காஸ் விளக்கு மங்கும். அவள் கண்டது சரி. தன் புத்திதான் பேதலிக்கிறதோ என்று அவளை நினைக்கவைத்தது அவன். 1944இல் வந்த ஹொலிவூட் படம் பெயரை ஊரறியச் செய்தது. 1969இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கட்டுரைத் தலைப்பானது. 2022இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தெரிவுசெய்தது.

மூளைச்சலவையின் ஊர் வேறு. சீன மொழியில் ‘மூளை கழுவுதல்’ என்று வழங்கியதை 1950இல் எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆங்கிலத்தில் பரப்பினார். பழைய கொள்கையைக் கழுவிப் புதிய கொள்கையை ஏற்றுவது அதன் பொருள். கழுவப்பட்டவர் தெளிவாகவே பேசுவார், அடித்துச் சொல்வார், கேள்வி கேட்டால் சண்டைக்கு வருவார்.

ஐயந்திரிபற என்று நாமே பிரித்துத்தான் சொல்கிறோம். தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. மூளைச்சலவையில் விளைவது திரிபு, காஸ்லைட்டிங்கில் விளைவது ஐயம். இங்கே எந்தக் கொள்கையும் புகட்டப்படுவதில்லை. தன் கண்ணையும் காதையும் நம்பலாமா என்ற ஐயம் மட்டும் விதைக்கப்படுகிறது.

நடக்கும் விதத்தைப் பாருங்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வெள்ளவத்தைக்கு வா என்று வட்ஸ்அப்பில் எழுதுகிறான். அவள் போய்க் காத்து நிற்கிறாள். எடுத்துக் கேட்டால், “நான் ஞாயிறு எண்டெல்லோ சொன்னனான்” என்கிறான். செய்தியைத் தேடினால் இல்லை; செய்திகள் 24 மணித்தியாலத்தில் மறையும்படி வைத்தவன் அவன்தான். முதலில் நடந்ததை மறுப்பு. பிறகு, “உனக்கு இப்ப மறதி கூடிப்போச்சு.” பிறகு அவளுடைய தாயிடமே, “அவவுக்கு ஒண்டும் ஞாபகமில்லை ஆன்ரி, நல்லா நித்திரை கொள்ளச் சொல்லுங்கோ.” கடைசியில் அவளே, வாய் திறக்க முன்னர் எது நடந்தது என்று அவனிடம் கேட்டு உறுதிப்படுத்தப் பழகிவிடுகிறாள். இதில் சலவை எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதேயில்லை. நம் வீடுகளில் மூளைச்சலவை என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் மருமகள் மேல்தான் விழும்: “பெடியனை மூளைச்சலவை செய்துபோட்டாள்.” பெண்ணுக்கு எதிராகவே பழகிய சொல்லை எடுத்து அவள் படும் பாட்டுக்குப் பெயராக வைக்கிறார்கள். உளவளத்துணைக்கு வந்திருப்பவளிடம் ‘நீங்கள் மூளைச்சலவை செய்யப்பட்டிருக்கிறீர்கள்’ என்றால் அவள் காதில் என்ன விழும்? உன் மூளை உன்னிடம் இல்லை என்பதுதான். அவன் சொன்னதும் அதுவேதான்.

இந்தத் தந்திரம் சமூகம் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணங்களில் ஏறித்தான் ஓடுகிறது என்று சமூகவியலாளர் பேஜ் ஸ்வீட் 2019இல் எழுதினார். பெண் உணர்ச்சிவசப்படுபவள், அவளுடைய கணக்குப் பிழைக்கும் என்ற எண்ணம் முன்னரே இருப்பதால் அவனுடைய பொய்க்குச் சாட்சி தேவைப்படுவதில்லை. நமக்கோ ‘பெண்புத்தி பின்புத்தி’ என்று பழமொழியே இருக்கிறது. மடம் என்ற பெண்குணத்துக்குப் பழைய உரைகாரர்கள் தந்த விளக்கம் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’; சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது. இந்தத் தந்திரம் செய்பவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ஆண் அகப்பட்டால் வேறு விதமான பூட்டு: “ஆம்பிளைக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே?” அவன் வெளியே சொல்லவே மாட்டான்.

மற்றச் சொற்கள். ‘எரிவாயு ஒளியூட்டல்’ கணினி துப்பியது, தள்ளிவிடலாம். ‘உளவியல் சூழ்ச்சி’ பிழையில்லை, ஆனால் எல்லாச் சூழ்ச்சியும் அதற்குள் அடங்கும். பேச்சில் ‘விசராக்கிறது’, அதாவது பைத்தியமாக்குவது, என்பது உயிருள்ள சொல். “என்னை விசரியாக்கிப்போட்டார்” என்று சொல்பவள் விசயத்தை நேராகத்தான் சொல்கிறாள். ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோவும் விசராக்கும். விசர் என்பது வசையும்கூட. நீதிமன்ற மனுவில் எழுத முடியாது.

நான் நிற்பது ‘மருட்டல்’ பக்கம். உருள், உருட்டு, திரள், திரட்டு, அதே வழியில் மருள், மருட்டு. தான் மயங்குவது மருள், பிறரை மயங்கவைப்பது மருட்டல். செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது வினையிலேயே தெரிகிறது. ‘பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருள்’ என்று குறள் சொல்வது திரிபைத்தானே என்று ஒரு மறுப்பு வரலாம். நியாயமான மறுப்பு. ஆனால் வழக்கில் மருளுதல் திகைப்பையும் அச்சத்தையும் சேர்த்தே சொல்கிறது: மான் மருளும், குழந்தை புது முகம் கண்டு மருளும். (பெண்ணின் மருண்ட பார்வையை அழகென்று பாடிய கவிகளிடம் தனியாகக் கணக்குக் கேட்க வேண்டும்.) நடைமுறையில் ஒரு தொல்லை உண்டு: ஒப்புநோக்குபவர் அதை ‘மிரட்டல்’ என்று திருத்திவிடுவார். அச்சுக்குப் போகுமுன் பாருங்கள்.

ஒரு பொய்யை மருட்டல் என்று எழுதாதீர்கள். இரண்டு பேர் ஒரு சம்பவத்தை வேறு வேறாக நினைவில் வைத்திருப்பதும் மருட்டல் அல்ல. திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், அவளுடைய அறிவே குறிவைக்கப்பட வேண்டும். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் உணர்வுரீதியான துன்புறுத்தலைத் தொடர் நடத்தையாகத்தான் வரையறுக்கிறது. அது கணவன் அல்லது மனைவி, முன்னாள் கணவன் அல்லது மனைவி, சேர்ந்து வாழ்பவர், உறவினர் ஆகியோருக்கே பொருந்தும். தனித்தனி வீட்டில் இருக்கும் காதலன் அதற்குள் வரமாட்டான். இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பிரசுரங்கள் விட்டுவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் செப்பனிட்டு, அச்சகத்துக்குப் போகிற நாள் காலையில் தமிழுக்கு ஆள் தேடினால் வேறென்ன நடக்கும்?

நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் மனுவில் ‘மருட்டினார்’ என்ற சொல் மட்டும் நின்றால் பயனில்லை. திகதி, நேரம், அவர் சொன்னது, உண்மையில் நடந்தது, யார் அருகில் இருந்தார் என்று வரிசையாக எழுத வேண்டும். செய்தி மறையுமுன் கைபேசித் திரையைப் படம் பிடித்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவைக்க வேண்டும். இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை 14 நாள் வரைக்கும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரைக்கும் செல்லும். மகளிர் உதவி இலக்கம் 1938. நாடகம் வந்த ஆண்டும் அதுதான், தற்செயல்.