காரில் எண்ணெய் கருகும் வாடை: கசிவை மேலிருந்து தேடுங்கள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து என் பட்டறைக்கு வருபவர்களில் பலர், ஓடும்போது தெரியாத எண்ணெய் கருகும் வாடை, சமிக்ஞை விளக்கில் நின்றவுடன் காருக்குள் அடிக்கிறது என்றே சொல்கிறார்கள். அந்த விவரம் மிகவும் பயனுள்ளது. கார் ஓடும்போது காற்று வாடையைப் பின்னால் அடித்துச் சென்றுவிடும். நின்றதும் பொனட்டுக்குக் கீழே எழும் புகை, முன்கண்ணாடியின் அடியில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் துளைகள் வழியாக ஏர்கோனுக்குள் நுழைந்துவிடும். எனவே எண்ணெய் என்ஜினுக்கு உள்ளே எரியவில்லை, வெளியே கசிந்து சூடான பாகத்தின் மேல் விழுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். உள்ளே எரிந்தால் புகைக்குழாயில் நீலப் புகை தெரியும். அது வேறு வேலை, செலவும் வேறு.

முதலில் அது எண்ணெய் வாடைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இனிப்பு கலந்த வாடை என்றால் ரேடியேட்டரின் கூலண்ட் கசிகிறது. காகிதம் கருகியது போல இருந்தால் கிளட்சைப் பார்க்க வேண்டும். நம் பகுதிக்கென்று இன்னும் இரண்டு உண்டு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் போய் வரும் கார்களின் அடியில் காய்ந்த லாலாங் புல் சிக்கி, புகைக்குழாய்ச் சூட்டில் கருகும். தோட்டத்து எலிகள் இரவில் என்ஜினின் மேல் சருகுகளைச் சேர்த்துக் கூடு கட்டிவிட்டுப் போவதும் உண்டு. இவை சிறிய காரணங்களாகத் தோன்றினாலும் தீப்பிடிக்க வல்லவை என்பதால், பொனட்டைத் திறந்தவுடன் இவற்றைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எண்ணெய்க் கசிவு என்றால், பழைய கார்களில் நான் அதிகம் காண்பது என்ஜினின் உச்சியில் இருக்கும் வால்வு கவர் கேஸ்கெட்தான், அதாவது மேல்மூடிக்கும் என்ஜினுக்கும் இடையே எண்ணெய் கசியாமல் அடைக்கும் பட்டை. அது பெரும்பாலும் ரப்பரால் ஆனது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து, மீள்தன்மையை இழந்து, விரலால் வளைத்தால் முறியும் நிலைக்கு வந்துவிடும். அந்த இடைவெளியில் ஒழுகும் எண்ணெய், என்ஜினின் புகையைப் புகைக்குழாய்க்குக் கொண்டுசெல்லும், பல நூறு பாகை செல்சியஸ் வரை சூடேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் மேல் இறங்குகிறது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கப்பாதை நோக்கி ஏறும் நீண்ட ஏற்றம் போன்ற இடங்களில் வாடை அதிகமாவது இதனால்தான்.

கண்டுபிடிக்கும் முறையில்தான் பலர் வழி தவறுகிறார்கள். எண்ணெய் எப்போதும் கீழே வழியும், ஓடும் காரின் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. அடியில் எண்ணெய்த் தொட்டி நனைந்திருக்கிறது என்று அதன் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, வாடை போகவில்லை என்று வரும் கார்கள் எத்தனையோ. ஆறிய என்ஜினை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தால் கழுவித் துடைத்து, சந்தேகமான ஓரங்களில் முகப்பவுடரை இலேசாகத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், பவுடர் நனைந்த இடங்களில் மிக உயரமானதே கசிவின் தொடக்கம். அண்மையில் எண்ணெய் மாற்றியிருந்தால் ஊற்றும்போது சிந்தியதா, மூடி சரியாக இறுகியிருக்கிறதா, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டிவிட்டார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேஸ்கெட்டை மாற்றிய சில மாதங்களிலேயே மறுபடியும் கசிகிறது என்றால், பழியைக் கேஸ்கெட்டின் மேல் போடுவதற்கு முன் பிசிவி வால்வைச் சோதியுங்கள். என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் இந்தச் சிறிய வால்வு அடைபட்டால், உள்ளழுத்தம் கூடி எண்ணெயை எந்த ஓரம் பலவீனமோ அந்த ஓரம் வழியாகத் தள்ளும். என்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாய் மேல் ஒரு காகிதத்தை வைத்தால், நல்ல என்ஜின் அதை இலேசாக உள்ளிழுக்கும். காகிதம் வெளியே தள்ளப்பட்டால் வால்வு அடைபட்டிருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வால்வு மலிவானது, அதைப் பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான் என்பது என் கருத்து.

கேஸ்கெட்டை மாற்றும்போது அது பொருந்தும் இரண்டு பக்கத்தையும் பழைய பிசின் இல்லாமல் துடைக்க வேண்டும். சிலிகான் பசையை ஓரம் முழுவதும் அப்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்: உட்பக்கம் பிதுங்கிய பசை உடைந்து, தொட்டியில் உள்ள எண்ணெய் வடிகட்டியை அடைத்தால் என்ஜினே போய்விடும். தயாரிப்பாளர் சொல்லும் மூலைகளில் மட்டும் சிறிது போதும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே போதும், அதிகம் இறுக்கினால் கவர் வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக் குழிகளில் எண்ணெய் தேங்கியிருந்தால் அங்குள்ள சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வேலை முடியும்வரை, எண்ணெயின் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைச் சமதரையில், என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். பல கார்களில் அதன் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 லிட்டர் எண்ணெய் அடங்கும். பொனட்டிலிருந்து புகை கண்ணுக்குத் தெரிந்தால் நிறுத்தி, என்ஜினை அணைத்து, எல்லாரும் இறங்கி விலகி நில்லுங்கள். பொனட்டை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ மூளும் என்பதால் அதைத் தொடாமல் 999-க்கு அழையுங்கள். பழுது பார்த்த பிறகும், மேனிபோல்டில் ஒட்டிய பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை ஓரிரு நாள்களுக்கு வாடை இருக்கும். அதற்கு மேலும் நீடித்தால், உச்சியை மறுபடி துடைத்துப் பவுடர் தூவிப் பார்க்க வேண்டியதுதான்.