அடிமைகளாக்கப்பட்டோரின் பிறந்த மண்ணைப் பற்களில் தேடுதல்

நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் மத்திய அரசின் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காக 1991-ஆம் ஆண்டு நிலத்தை அகழ்ந்தபோது, 18-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் தம்மவரைப் புதைத்த இடுகாடு வெளிப்பட்டது. அங்கிருந்து எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்களை மைக்கேல் பிளேக்கி தலைமையில் ஹோவர்ட் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்தது. இவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டு உழைத்து மடிந்தவர்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் ஆய்வின் முதன்மையான கேள்விகளுள் ஒன்றாக அமைந்தது. நகரத்தின் ஆப்பிரிக்க அமெரிக்கச் சமூகத்தைக் கலந்துகொண்டே அக்கேள்விகள் வகுக்கப்பட்டன என்பது என் பார்வையில் ஆய்வு முடிவுகளுக்கு இணையான சிறப்புடையது.

பிறப்பிடத்தைப் பல் எவ்வாறு காட்டும்? பாறைகளிலுள்ள ருபிடியம்-87 என்னும் கதிரியக்க அணு மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆக மாறுகிறது; ருபிடியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். ஆகவே மேற்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் உள்ளவை போன்ற தொன்மையான பாறைகளில் அதே தனிமத்தின் மற்றொரு வகையான ஸ்ட்ரான்சியம்-86-உடன் ஒப்பிட ஸ்ட்ரான்சியம்-87 மிகுந்தும், இளம் எரிமலைப் பாறைகளில் குறைந்தும் இருக்கிறது. இந்த விகிதம் மண், நீர், பயிர் வழியாக ஏறக்குறைய மாறாமல் உடலுக்குள் வருகிறது. ஸ்ட்ரான்சியம் வேதியியல் பண்பில் கால்சியத்தை ஒத்திருப்பதால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் வளரும்போது அதில் கால்சியத்தின் இடத்தில் அது அமர்ந்துவிடுகிறது. எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எனாமலோ உருவான பின் புதுப்பிக்கப்படுவதில்லை. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பையொட்டித் தொடங்கி ஏறத்தாழ மூன்று வயதுக்குள் உருவாகிவிடுவதால், முப்பது வயதில் மன்ஹாட்டனில் இறந்தவரின் பல்லிலும் அவர் குழந்தையாக உண்ட உணவின் விகிதமே இருக்கும்.

இதற்குத் துணையாக ஈயத்தின் அளவும் ஆராயப்பட்டது. நியூயார்க்கில் பிறந்தவர்களாகக் கருதத்தக்க சிறு குழந்தைகளின் எனாமலில் ஈயம் மிகுந்திருந்தது. பற்களை அரம் கொண்டு வடிவமைக்கும் ஆப்பிரிக்க வழக்கத்தைக் காட்டிய பெரியவர்களிடம் அது குறைவாகவே இருந்தது. ஈயம் கலந்த பாத்திரங்கள் புழங்கிய குடியேற்ற நகரத்தில் அவர்கள் தம் குழந்தைப் பருவத்தைக் கழிக்கவில்லை என்பதற்கு இது வலுவான சான்று. இடுப்பில் மணிமாலையுடன் புதைக்கப்பட்ட பெண் ஒருவருக்கும் இவ்வாறு அராவிய பற்கள் இருந்தன.

ஆயினும் இம்முறை ஒருவரின் ஊரைச் சுட்டிக்காட்டுவதில்லை. வெகு தொலைவிலுள்ள இரு நிலங்களின் பாறைகள் ஒரே விகிதத்தைத் தரக்கூடும். கடலோரங்களில் கடல்நீரின் ஸ்ட்ரான்சியமும் கலந்துவிடும். எனவே உள்ளூர் விகிதத்துக்குப் பொருந்தாத பல், அவர் வேறிடத்தில் வளர்ந்தவர் என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். எவ்விடம் என்பதைக் குறுக்கிக் காண ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகள்), மரபணுக்கள், பல் வடிவமைப்பு, அடக்க முறை ஆகியவற்றைச் சேர்த்தே எடைபோட வேண்டும்.