இடது கால் மட்டும் வீங்குகிறதா? இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்

போன வாரம் வந்த பெண்ணுக்கு வயது 32. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது கால் வீங்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. கொண்டுவந்த பையில் யானைக்கால் மாத்திரைச் சீட்டுகள் மட்டும் நான்கு இருந்தன. ரத்தநாள அறுவை மருத்துவராக இதே கதையை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

ஒற்றைக் கால் வீங்கினாலே நம் ஊரில் யானைக்கால் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யானைக்கால் கொசுவால் பரவும் புழுவினால் வருவது. அந்தப் புழுக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் நடமாடும், அதனால்தான் சோதனைக்கு ராத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். இந்தப் பெண்ணுக்கு ஒருமுறைகூட எடுக்கவில்லை. யானைக்காலில் அடிக்கடி காய்ச்சல் வரும், அரையில் நெறி கட்டும், புறங்காலும் விரல்களும் சேர்ந்து உப்பும், தோல் தடிக்கும். இவருக்கோ தொடை வரை வீக்கம் இருந்தும் விரல்கள் சாதாரணமாக இருந்தன. சாயங்காலம் கால் கனக்கும், காலைத் தூக்கி வைத்துத் தூங்கி எழுந்தால் குறையும். புழுவைக் கொல்லும் மாத்திரை நசுங்கிய ரத்தக் குழாயைத் திறக்குமா? சொல்லுங்கள்.

நசுங்கியது இடுப்புக்குள் இருக்கும் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். வலது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, இடது காலிலிருந்து ஏறி வரும் சிரைக்கு மேலே குறுக்காகப் போகிறது. சிரைக்குப் பின்னால் முதுகெலும்பு. நடுவில் மாட்டிய சிரை அழுந்தி, நாளடைவில் உள்ளே தழும்பு கட்டிவிடும். 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களை ஆராய்ந்து, சுமார் 22 சதவீதத்தில் இந்தத் தழும்பைப் பார்த்தார்கள். இதற்கு மே-தர்னர் என்றே பெயர். பெண்களிடம் அதிகம். அங்கேயே ரத்தம் உறைந்துவிட்டால் கால் ஒரே நாளில் வீங்கிக் கனக்கும்.

‘டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) நார்மல் என்றார்கள்’ என்பது நோயாளிகள் சொல்லும் அடுத்த வாக்கியம். காலோடு நின்ற டாப்ளர் இடுப்பைப் பற்றி என்ன சொல்லும்? சந்தேகம் வந்தால் சிரைகளைப் படமெடுத்துக் காட்டும் சி.டி. வெனோகிராம் அல்லது எம்.ஆர். வெனோகிராம் வேண்டும். சிரைக்குள்ளேயே நுழைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் இன்னும் துல்லியம், ஆனால் அதை எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள்.

தொந்தரவு தருகிற அழுத்தமென்றால், தொடையில் ஊசித் துளை போட்டு, பலூனால் சிரையை விரித்து, அது மறுபடி நசுங்காமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்போம். பெரிய வெட்டு இல்லை. புதிய ரத்த உறைவு இருந்தால் உறையாமலிருக்க மருந்து, சிலருக்கு முதலில் உறைவை எடுக்கவும் வேண்டியிருக்கும். ஆனால் ஒன்று: ஸ்கேனில் அழுத்தம் தெரிந்த எல்லாருக்கும் ஸ்டென்ட் தேவையில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் அந்த அழுத்தம் தெரியும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனைக் காட்டி யாராவது உடனே ஸ்டென்ட் என்றால், இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

திடீரென்று வீங்கிய காலை எண்ணெய் போட்டு நீவாதீர்கள். சுளுக்கு என்று உருவி விடவும் வேண்டாம், தயவுசெய்து. உள்ளே உறைவு இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். நீர் பிரியும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, வீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தக் காலுறையைக் கால் அளவெடுத்து, மருத்துவர் சொன்ன பிறகு போடுங்கள். பிரசவமான வீடுகளில் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘பிள்ளை பெற்றவளுக்குக் கால் வீங்கத்தான் செய்யும்’ என்று சொல்லும் முன் இரண்டு காலையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.

கால் வீக்கத்தோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.