ஆயிரம் கிலோ கொழுந்தின் தண்ணீர் எங்கே போகிறது?

மடுவத்தில் (தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, ஏற்றிவிடும் 1000 கிலோ கொழுந்தில் ஏறக்குறைய 780 கிலோ வெறும் தண்ணீர். மறுநாள் அது தேயிலையாகும்போது எஞ்சுவது 225 கிலோ அளவுதான், அதிலும் ஈரம் நூற்றுக்கு மூன்று. இடையில் போகும் முக்கால் தொன் தண்ணீரை எப்போது, எந்த வேகத்தில், காற்றால் எவ்வளவு, நெருப்பால் எவ்வளவு வெளியேற்றுவது என்பதில்தான் இலங்கை மலைநாட்டுத் தேயிலையின் சுவை அடங்கியிருக்கிறது.

பெரும்பங்கு தண்ணீர் போவது ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்தை வாட்டும்போது. பழைய ஸ்டோர்கள் மூன்று நான்கு மாடி உயர்ந்து, சுவரெல்லாம் ஜன்னலாக நிற்பது இதற்காகத்தான். சாக்குத் தட்டுகளில் கொழுந்தைத் தூவி, மலைக்காற்றில் வாட்டினார்கள். இன்று அந்த இடத்தில் நீண்ட தொட்டிகள் இருக்கின்றன. தொட்டியின் ஒரு முனையில் பெரிய மின்விசிறி, நடுவில் வலை, வலைமேல் ஒரு சதுர மீற்றருக்கு 25 முதல் 30 கிலோ கொழுந்து. காற்று வலைக்கு அடியில் புகுந்து கொழுந்தின் ஊடாக மேலேறும். 12 முதல் 16 மணி நேரத்தில் 1000 கிலோ 500 கிலோவாகிவிடும். அதாவது 500 லீற்றர் தண்ணீரைக் கிட்டத்தட்ட விறகே இல்லாமல் காற்று கொண்டுபோய்விடுகிறது.

மழை நாளில் இது எளிதல்ல. ஈர வெப்பமானியும் (குமிழில் ஈரத்துணி சுற்றியது) உலர் வெப்பமானியும் ஒரே அளவைக் காட்டினால் காற்று தண்ணீரால் நிறைந்துவிட்டது, எத்தனை மணி நேரம் விசிறி சுழன்றாலும் கொழுந்து வாடாது. அப்போது அடுப்பிலிருந்து சுடுகாற்றைக் கொஞ்சம் கலந்து இரண்டுக்கும் இடையே வித்தியாசத்தை உண்டாக்குவார்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் இலையோரம் கருகி, தண்டு பச்சையாகவே நிற்கும். நாலு மணி நேரத்தில் ஈரத்தை வாங்கிவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. இலைக்குள் கலச் சவ்வுகள் தளர்வதற்கும், புரதம் உடைந்து அமினோ அமிலங்கள் கூடுவதற்கும் நேரம் வேண்டும். நன்றாக வாடிய கொழுந்தைக் கைநிறைய இறுக்கிப் பிடித்து விட்டால் உருண்டையாகவே இருக்கும், தண்டை மடித்தால் ஒடியாமல் வளையும்.

அடுத்தது கொழுந்தை உருட்டும் ரோலர். இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது, பங்களா விறாந்தையில் மேசைமேல் கையால்தான் கொழுந்தை உருட்டினார்கள். உள்ளங்கையும் மேசையும் சேர்ந்து செய்த அந்த அசைவையே இயந்திரமும் செய்கிறது. கீழே வரிக்கட்டைகள் பதித்த வட்டத் தட்டு, மேலே அடியில்லாத உருளைப் பெட்டி, பெட்டிக்குள் இறங்கி அழுத்தும் மூடி. பெட்டி வட்டமிட்டு அசையும்போது கொழுந்து சுருண்டு, முறுக்கேறி, கலங்கள் கிழிகின்றன. இதற்கு முதலில் வழிகாட்டியவர்களில் ஒருவரான வில்லியம் ஜாக்சன் 1870களில் அசாமில் தன் ரோலரை ஓட்டினார்.

கலம் கிழிவதுதான் முக்கியம். பச்சையிலையில் கற்றெச்சின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் கலத்தின் சாற்றுப் பையான புன்வெற்றிடத்திலும், அவற்றை மாற்றும் நொதியம் (என்சைம்) பச்சையம் இருக்கும் பச்சையவுருமணியிலும் தனித்தனியே இருக்கின்றன. சுவர் உடைந்ததும் இரண்டும் கலக்க, கற்றெச்சின்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து தியாபிளேவின் என்ற பொருளாக மாறும். பொன்னிறமும் நாக்கைச் சுண்டும் சுறுசுறுப்பும் அதிலிருந்துதான். பிறகு அதுவே தியாருபிஜினாகிக் கடுஞ்சிவப்பைத் தரும். ‘புளிக்க வைப்பது’ என்று நாம் சொன்னாலும் தோசை மாவு புளிப்பது போன்ற வேலை இதில் இல்லை, இது ஒட்சியேற்றம்.

வாட்டல் குறைந்திருந்தால் தவறு இங்கேதான் அம்பலமாகும். சாறு சொட்டித் தட்டில் வழிந்து போகும், இலை முறுக்கேறாமல் தகடு தகடாக நொறுங்கும். அதிகம் வாடியிருந்தால் கலம் கிழியாமல் பொடிந்துவிடும். உராய்வினால் சூடும் ஏறும். 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் சாயம் மங்கிவிடும். அதனால்தான் மூடியைச் சில நிமிடம் அழுத்தி, பின் தூக்கி ஆறவிடுகிறார்கள். ரோலரில் ஒரு தடவை உருட்டுவதை அரைப்பு என்பார்கள், ஒவ்வொரு அரைப்பும் சுமார் அரை மணி நேரம். அரைத்ததைச் சல்லடையில் விட்டு, விழும் தூளைத் தனியே எடுத்துப் பரப்பிவிட்டு, பெரிய இலையை மறுபடி ரோலருக்கு அனுப்புவார்கள்.

பரப்பிய தூள் ஈரமான குளிர்ந்த அறையில் செப்பு நிறமாக மாறும். கடிகாரம் முதல் அரைப்பு தொடங்கும்போதே ஓட ஆரம்பித்துவிடும், மலைநாட்டில் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மணி நேரம். பச்சை வாடை போய்ப் பழவாசனை எழும் கணத்தை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் தன் மூக்கால் பிடிக்கிறார். அரை மணி பிந்தினால் தியாபிளேவின் குறைந்து, தேநீர் தடித்து மந்தமாகிவிடும். எத்தனை கருவி வந்தாலும் இந்த மூக்குக்கு இன்னும் மதிப்பிருப்பது நியாயமே.

அந்தக் கணத்தில் சூட்டால் நொதியத்தை நிறுத்துவதுதான் தூளைக் காய வைக்கும் ட்ரையரின் வேலை. டெய்லரின் காலத்தில் கரியடுப்பின் மேல் கம்பித் தட்டில் காய வைத்தார்கள், புகையும் கூடவே ஏறியது. 1877இல் சாமுவேல் டேவிட்சன் தன் சிரோக்கோ ட்ரையரில் நெருப்பைத் தனியே பிரித்து, சூடான காற்றை மட்டும் இலைக்குள் விட்டார். இன்றைய சங்கிலித் தட்டு ட்ரையரில் காற்று 93 முதல் 99 பாகையில் நுழைந்து, 52 முதல் 55 பாகையில் வெளியேறும். தேயிலை உள்ளே இருப்பது சுமார் 20 நிமிடம். வெளியேறும் காற்று அதைவிடக் குளிர்ந்தால் நொதியம் சாகாமல் ஈரச்சூட்டில் தூள் அவிந்துபோகும். மிகச் சூடானால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டு, பெட்டியில் பூசணம் பிடிக்கும். மேல்மாடியில் வாட்டல் 600 கிலோவிலேயே நின்றிருந்தால், மிச்சமிருக்கும் 100 லீற்றரையும் இந்த அடுப்புதான் விறகெரித்து வாங்க வேண்டும்.

பிறகு நாரும் தண்டும் எடுப்பது. கம்பளியில் உரசி மின்னேற்றிய பிளாஸ்டிக் உருளைகள் நாரை மட்டும் கவ்விக்கொள்ளும், கனமான கறுப்புத் தேயிலை கீழேயே தங்கும். சீப்பை முடியில் உரசிக் கடதாசித் துண்டுக்குக் காட்டும் பள்ளிக்கூடப் பரிசோதனைதான் இது. தப்பிய செந்தண்டைக் நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டரின் கமரா பார்த்து, காற்றால் ஊதித் தள்ளும். எத்தனை தரம் சலிக்கிறோமோ அத்தனைக்கும் தேயிலையின் கறுப்பு மினுக்கு உரசித் தேயும், நரைத்த தேயிலைக்கு விலை இல்லை. சலிக்கும் அறையில் திறந்து கிடக்கும் தேயிலை மழைக்காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும், ஆகவே மூட்டை கட்டுமுன் ஈரத்தை ஒருமுறை அளந்து, கூடியிருந்தால் மீண்டும் ட்ரையருக்கு அனுப்புகிறார்கள்.