நிலைத்த சேமிப்பகம்: ‘பெர்சிஸ்டென்ட் வால்யூம்’ என்பதற்குத் தமிழ்

கன்டெய்னர்களை (தனித்தனியே பொதிந்த செயலிகளை) பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் குபெர்னெட்டிஸ். அதில் முதன்முதலாக ஒரு பரவல் தரவுத்தளத்தை, அதாவது பல கணினிகளில் பரவி ஓடும் தரவுத்தளத்தை, நிறுவுபவர் தடுமாறும் இடம் ‘பெர்சிஸ்டென்ட் வால்யூம்’ என்ற சேமிப்பிடம். இதை ‘நிரந்தரத் தொகுதி’ என்று மொழிபெயர்த்தால் இரு பாதியுமே பிழை.

‘பெர்சிஸ்ட்’ இலத்தீனச் சொல். ‘பெர்’ என்றால் கடைசிவரை. ‘சிஸ்டெரே’ என்றால் நிற்றல். நம் ‘நில்’ அச்சாகப் பொருந்துகிறது. கணக்கு முடித்த பிறகும் நிற்பதைத்தானே நிலுவை என்கிறோம்? ‘வால்யூம்’ இலத்தீனில் சுருள். பழைய ரோமர் நூலைச் சுருட்டி வைத்தார்கள். நம்மவர்கள் ஓலை நூலில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டினார்கள். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. அவற்றில் பெரும்பகுதி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. கணினியில் காந்த நாடாச் சுருளுக்கு வந்த ‘வால்யூம்’ பிறகு வட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. ‘தொகுதி’ புத்தகத்துக்குச் சரி, சட்டமன்றத்துக்கும் சரி; வட்டுக்குச் சேராது. ‘கிடங்கு’ நல்ல சொல்தான், ஆனால் ‘தரவுக் கிடங்கு’ வேறொன்றைக் குறிக்கப் போய்விட்டது. எனவே ‘நிலைத்த சேமிப்பகம்’.

எதற்குப் பிறகும் நிலைப்பது? கன்டெய்னர் புதுச்சேரியில் வார இறுதிக்கு எடுக்கும் லாட்ஜ் அறை மாதிரி. காலி செய்தால் உள்ளே விட்டது எதுவும் மிஞ்சாது. ‘எம்ப்டிடிர்’ என்ற தற்காலிக அடைவும் பாட் (சேர்ந்தே ஓடும் கன்டெய்னர்களின் கூட்டு) இருக்கும்வரைதான். பாட் அழிந்து வேறு முனையில் (கணினியில்) எழுந்தாலும் கூடவே வந்து ஒட்டிக்கொள்வதே நிலைத்த சேமிப்பகம்.

ஆனால் நிரந்தரமன்று. தானாக உருவாக்கப்படும் சேமிப்பகத்தின் ‘ரீக்ளெய்ம் பாலிசி’ (பயன்பாடு முடிந்த வட்டை என்ன செய்வது என்ற விதி), வேறு குறிப்பிடாவிட்டால், ‘டிலீட்’. சேமிப்பகம் கேட்டு எழுதிய கோரலை (‘க்ளெய்ம்’) அழித்தால் வட்டும் தரவும் சேர்ந்தே போய்விடும். ‘நிரந்தரம்’ என்று படித்தவர் அந்த வரியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். தரவு முக்கியமென்றால் ‘ரீடெய்ன்’ என்று குறித்த ஒரு புது ஸ்டோரேஜ் கிளாஸை (எந்த வகை வட்டு, என்ன விதி என்று சொல்லும் வரையறையை) உருவாக்கித் தொடங்குங்கள்.

‘க்ளெய்ம்’ என்பதற்கு ‘இடக்கோரல்’ போதும். கோரல் ‘பெண்டிங்’ என்றே நின்றால் முதலில் ஸ்டோரேஜ் கிளாஸ் உண்டா, அதில் ஒன்று இயல்பானதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘வெயிட்ஃபார்ஃபர்ஸ்ட்கன்ஸ்யூமர்’ முறையில் பாட் எழும்வரை பெண்டிங்தான். அது கோளாறு இல்லை. அந்த முறையை விட்டு ‘இம்மீடியட்’ வைத்தால், வட்டு ஏதோ ஒரு மண்டலத்தில் (தரவு மையப் பகுதியில்) பிறந்துவிடும்; அந்த மண்டலத்து முனைகளில் இடமில்லையென்றால் பாட் எழவே எழாது.

‘டிஸ்ட்ரிபியூட்டட்’ என்பதை ‘பகிர்ந்த’ என்பது இன்னும் பெரிய வம்பு. பகிர்தல் என்றதும் மூன்று முனைக்கும் ஒரே வட்டு என்று நினைத்து, எல்லாவற்றையும் ஒரே என்எஃப்எஸ் (வலையமைப்பில் பகிரும் கோப்பு முறை) அடைவில் கட்டிவிடுகிறார்கள். கசாண்ட்ரா போன்ற பரவல் தரவுத்தளத்தில் ஒவ்வொரு முனைக்கும் தனி வட்டு வேண்டும். அதற்கு, எல்லாப் பாட்களையும் ஒன்றுபோலவே நடத்தும் டிப்ளாய்மென்ட் உதவாது. ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அடையாளம் தரும் ஸ்டேட்ஃபுல்செட்டில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோரல் உண்டாக்கும் ‘வால்யூம்கிளெய்ம்டெம்ப்ளேட்ஸ்’ எழுதுங்கள். அணுகல் முறை ‘ரீட்ரைட்ஒன்ஸ்’, அதாவது ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும். இணைக்கும் பாதை ‘வார்/லிப்/கசாண்ட்ரா’. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் தரவு கன்டெய்னருக்குள்ளேயே போய் எழுதப்படும். எல்லாம் ஓடுவதுபோலவே தெரியும், பாட் அழியும் நாள்வரை. அனுமதி மறுப்பு வந்தால், வட்டு எந்தப் பயனர் குழுவுக்கு உரியது என்று சொல்லும் ‘எஃப்எஸ்குரூப்’பைக் கவனியுங்கள், கசாண்ட்ராவின் அதிகாரபூர்வ இமேஜில் குழு எண் 999.

அளவிலும் ஏமாறவேண்டாம். 3 முனைக்கு 10 ஜிபி வீதம் 30 ஜிபி கேட்டாலும், பிரதி எண்ணிக்கை 3 என்றால் கொள்வது 10 ஜிபி தரவுதான். கசாண்ட்ரா தன் சிறு கோப்புகளைப் பெரிய கோப்பாகச் சேர்க்கும் அளவுவாரி ஒருங்கிணைப்பு (‘சைஸ்-டியர்ட் காம்பேக்ஷன்’) நடக்கும்போது பாதி வட்டுவரை காலியாகத் தேவைப்படலாம். ஆக 5 ஜிபியைத் தாண்டினால் யோசியுங்கள். பின்னால் பெரிதாக்க ஸ்டோரேஜ் கிளாஸ் அனுமதிக்கவேண்டும். டெம்ப்ளேட்டைத் திருத்தமுடியாது, ஒவ்வொரு கோரலாகத்தான் மாற்றவேண்டும். சிறிதாக்க வழியே இல்லை.

லேப்டாப்பில் மினிகியூப் என்ற பயிற்சிக்கான சிறு குபெர்னெட்டிஸில் ஒரே முனை வைத்துப் பழகும்போது மூன்று பிரதியும் ஒரே வட்டில்தான் கிடக்கும். கடலூரில் ஒரே அறையில் மூன்று கணினி வைத்தாலும் நிலைமை அதிகம் மாறாது: 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயல் போன்ற ஒன்று மூன்றையும் சேர்த்தே நிறுத்திவிடும். பிரதிகளில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்.