வழக்கொழிவா, வழக்கொழிப்பா?

வராந்தாவில் போட்டிருந்த ஒன்பது வாட் எல்இடி பல்பு போன மாதம் அணைந்துவிட்டது. பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சடித்திருந்தார்கள். தினம் ஆறு மணி நேரம் எரித்தாலும் பதினோரு வருடம் வரவேண்டும். இரண்டு வருடம்கூட வரவில்லை. தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் காட்டினேன். “இதெல்லாம் யூஸ் அண்ட் த்ரோ சார்” என்று சொல்லி, புதுசு ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

பொருள் சீக்கிரம் பழசாகி, நாம் புதுசு வாங்கும்படி செய்து விற்பதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிளான்டு அப்சொலசென்ஸ்’. தமிழில் ‘திட்டமிட்ட வழக்கொழிவு’ என்று எழுதுகிறோம். கடைக்காரர் சொன்னதையும் சேர்த்து மூன்று பெயர்கள். மூன்றிலும் ஒரே குறை: பொருளைச் செய்தவன் எதிலும் இல்லை. யூஸ் பண்ணுவதும் நாம், த்ரோ பண்ணுவதும் நாம். மற்ற இரண்டில் ‘திட்டம்’ இருக்கிறது, ஆனால் பொருள் ஏதோ தானாக ஒழிந்துபோவது போலத்தான் தொனிக்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘அப்சொலெஸ்கெரே’ என்றால் புழக்கத்திலிருந்து மெல்ல விலகுதல். பழக்கப்பட்டிருத்தல் என்று பொருள்படும் ‘சொலேரே’ என்ற வினையோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த அளவில் ‘வழக்கொழிவு’ அச்சு அசலான மொழிபெயர்ப்பு. வழக்கம், வழக்கு, வழக்கொழிந்த சொல் என்று நம்மிடமும் அதே குடும்பம் இருக்கிறதே.

‘திட்டமிட்ட’ என்ற அடை ஒட்டிக்கொண்ட கதைதான் சுவாரசியம். 1932இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, பெர்னார்ட் லண்டன் என்ற நியூயார்க் வீட்டுமனைத் தரகர் இந்தத் தொடரைத் தலைப்பிலேயே வைத்து ஒரு சிறு வெளியீடு போட்டார். செருப்பு முதல் வீடு வரை எல்லாவற்றுக்கும் அரசே ஆயுள் நிர்ணயிக்க வேண்டும். கெடு முடிந்தால் பொருள் சட்டப்படி இறந்ததாகிவிடும். அதற்கு மேலும் வைத்துப் புழங்குகிறவர் வரி கட்ட வேண்டும். அப்போதுதான் ஆலைகள் ஓடும், வேலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. விபரீத யோசனைதான், ஆனால் மனிதர் ஒளித்துச் செய்யச் சொல்லவில்லை. 1954இல் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர் இதே தொடரைப் பிரபலமாக்கினார். அவர் விளக்கம் வேறு: தேவைக்குக் கொஞ்சம் முன்னதாகவே, கொஞ்சம் புதியதை வாங்கும் ஆசையை வாங்குபவர் மனதில் விதைப்பது. பழையது கெட வேண்டும் என்ற அவசியமே இல்லை.

கெடவைத்த கதை இவற்றுக்கெல்லாம் முந்தையது. அதுவும் பல்பு கதைதான். 1924இல் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணி அமைத்தன. 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்கு இறக்க முடிவானது. பல்புகளைச் சோதித்து, கூடுதல் நேரம் எரிந்தால் செய்த கம்பெனிக்கு அபராதம்! இழை அதிகச் சூட்டில் எரிந்தால் வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும் என்ற வாதம் அவர்களிடம் இருந்தது. அதில் உண்மையும் உண்டு. கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் 1901 முதல் எரிகிற பல்பு இப்போது தருவது மங்கல் வெளிச்சம்தான். சரி, வெளிச்சத்துக்காகத்தான் என்றால் நீடித்து உழைத்ததற்கு எதற்கு அபராதம்?

ஆக, ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. தமிழ் இலக்கணம் இங்கே உதவும். ‘பழையன கழிதலும்’ என்று நன்னூல் சொல்வது தன்வினை. காலம் தள்ளுகிறது, பழையது கழிகிறது. கழிப்பதும் ஒழிப்பதும் பிறவினை. செய்கிற ஆள் ஒருவன் வேண்டும். நன்றாக ஓடுகிற செல்போனுக்கு அப்டேட்டை நிறுத்திப் பழசாக்குவது வழக்கொழிப்பு. ‘திட்டமிட்ட’ என்று முன்னால் ஒட்டவைக்கக்கூடத் தேவையில்லை, வினையிலேயே ஆள் வந்துவிட்டான். சீக்கிரம் சாகும்படி செய்வதோ ஆயுட்குறைப்பு. பிரான்ஸ் 2015இல் இதைக் குற்றமாக்கியபோது சட்டத்தில் தந்த விளக்கமும் ஏறக்குறைய இதுவே: மாற்றி வாங்குவதை அதிகரிக்க, பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைக்கும் உத்தி. ‘வேண்டுமென்றே’ என்பதை நிரூபிப்பதில்தான் தலைவலி.

அணைந்த பல்பை நான் எறியவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் வெள்ளை மூடியை நெம்பி எடுத்தேன். உள்ளே வட்டத் தகட்டில் மஞ்சள் பொட்டுகளாக, வெளிச்சம் தரும் எல்இடி சில்லுகள். ஒன்றில் மட்டும் கடுகளவு கறுப்புப் புள்ளி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ச்சுற்றில் இருப்பதால் ஒன்று கருகினால் அத்தனையும் அணையும். சில்லுகளைக் குறைத்து, இருப்பவற்றில் அதிக மின்னோட்டம் விட்டால் விலை இறங்கும், சூடு ஏறும், ஆயுள் போகும். துபாய் நகராட்சிக்காக பிலிப்ஸ் நிறுவனம் 2016இல் அறிவித்த பல்பில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்: எல்இடி சில்லுகள் கோத்த இழைகள் அதிகம், ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் குறைவு. அப்படியும் செய்யத் தெரியும் என்பதற்கு அது போதும்.

என் பல்பைச் செய்தவர் வேண்டுமென்றே செய்தாரா, நாலு காசு மிச்சம் பிடித்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் அதை ஆயுட்குறைப்பு என்று சொல்ல மாட்டேன். பாட்டி பாஷையில் அல்பாயுசு, அவ்வளவுதான்.