பச்சை இலைக்குள் ஒரு சிவப்பு

கரும்பச்சையாக உள்ள இலைகள் நாலைந்தைக் கிள்ளி, நன்றாக நசுக்கி, கொஞ்சம் ஆல்கஹாலில் ஊறப் போடுங்கள். பக்கத்தில் தீ எதுவும் வேண்டாம். அரை மணி நேரம் கழித்து வடிகட்டினால் பளிச்சென்ற பச்சைச் சாறு கிடைக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு அதன்மேல் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். சாறு சிவப்பாக ஒளிரும். யாரோ டம்ளரையே மாற்றிவிட்டார்கள் என்று தோன்றும்.

டம்ளர் அதேதான். பச்சைய மூலக்கூறின் தலை ஒரு வளையம், அதன் நடுவில் ஒற்றை மெக்னீசியம் அணு. வளையத்தில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால், சில எலக்ட்ரான்கள் எந்த அணுவோடும் ஒட்டாமல் வளையம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அவை ஏறி நிற்கக் குறிப்பிட்ட சில படிகள்தான் உண்டு. அந்தப் படிக்குச் சரியான ஆற்றலோடு வரும் ஒளியையே மூலக்கூறு வாங்கிக்கொள்ளும். கரைசலில் உள்ள பச்சையம் ‘ஏ’ அதிகம் உறிஞ்சுவது சுமார் 430 நானோமீட்டர் நீலத்தையும் 660 நானோமீட்டர் சிவப்பையும். நடுவிலுள்ள பச்சைக்கு நன்றாகப் பொருந்தும் படி இல்லை, அதைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும்.

நீலமோ ஊதாவோ பட்டால் எலக்ட்ரான் மேல்படிக்குத் தாவும். ஆனால் அங்கே தங்காது. ஒரு வினாடியை லட்சம் கோடித் துண்டாக நறுக்கினால், அதில் ஒரு துண்டு நேரம்கூட ஆகாமல், சிவப்பு ஒளிக்குரிய கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். மிச்ச ஆற்றல் வெறும் வெப்பமாகப் போகும். அதனால் நீல ஒளித்துகள் எவ்வளவு ஆற்றலைச் சுமந்து வந்தாலும், இலைக்குக் கிடைப்பது சிவப்புத் துகளின் மதிப்புதான். உயிருள்ள இலையில் அந்த ஆற்றல் பக்கத்து மூலக்கூறுகளுக்குக் கைமாறி ஒளிச்சேர்க்கைக்குப் போய்ச் சேரும். டம்ளரில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதில் ஒரு பகுதிதான் சிவப்பு வெளிச்சமாக வெளியே வருகிறது.

சரி, இலை பச்சை ஒளியை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுகிறதா? பள்ளியில் அப்படித்தான் படித்தோம். அது பாதி உண்மை. பெரும்பாலான இலைகள் தங்கள்மேல் விழும் பச்சையிலும் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. இலையின் அடிப்பகுதித் திசுவில் காற்று இடைவெளிகள் நிறைய. செல்களின் சுவரும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி முட்டித் திரும்பி, அதே பச்சையத்தைப் பலமுறை கடக்கிறது. ஒருமுறை தப்பினாலும் பத்தாவது முறை மாட்டிக்கொள்ளும். நீலமும் சிவப்பும் மேலடுக்கிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட, உள்ளே இருக்கும் செல்களுக்குத் தீனி போடுவது இந்தப் பச்சைதான். தப்பி வெளியே வரும் கொஞ்சமே நம் கண்ணுக்குப் போதும். கண் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையைத்தானே!

இலையில் பச்சையம் மட்டும் இல்லை. ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் இலைச்சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் இறக்கியபோது, பச்சைப் பட்டைகளோடு மஞ்சள் பட்டைகளும் தனித்தனியாகப் பிரிந்தன. 1906-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த மஞ்சள்தான் கரோட்டினாய்டுகள். நீலத்தை உறிஞ்சுவதோடு, வெயில் அதிகமானால் உபரி ஆற்றலை வெப்பமாக மாற்றி இலையைக் காப்பதும் இவற்றின் வேலை. இலை முதிர்ந்து பச்சையம் சிதையும்போது தெரிகிற மஞ்சள் புதிதாக வந்ததல்ல, முன்பே உள்ளே இருந்ததுதான். சிவப்பு, ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் வேறு வகை. செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் கரைந்திருக்கும். அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலம் பக்கம் போகும்.

இலை உண்மையிலேயே தாராளமாகத் திருப்பி அனுப்பும் ஒளி ஒன்று உண்டு. 700 நானோமீட்டரைத் தாண்டியதும், சிவப்பை அடுத்து வரும் அகச்சிவப்பு. அதில் ஏறக்குறைய பாதியை அப்படியே எறிந்துவிடும். அந்த ஆற்றல் பச்சையத்தின் கீழ்ப்படிக்குக்கூட எட்டாது. செயற்கைக்கோள்கள் சிவப்பு எவ்வளவு குறைவாக, அகச்சிவப்பு எவ்வளவு அதிகமாகத் திரும்பி வருகிறது என்று ஒப்பிட்டுத்தான், கீழே இருப்பது செழித்த பயிரா காய்ந்த நிலமா என்று கணிக்கின்றன.